இரண்டு விரல் அகலக் கடதாசி

இருந்தவர்கள் நான்கு பேர். நாள் 2004 ஓகஸ்ட் 14, சனிக்கிழமை. நேரம் காலை பத்து மணி பத்து நிமிடம். இடம், மொன்றியலில் கோட்-டெ-நெய்ஜ் பெரிய வீதியிலிருந்து இரண்டு தெரு தள்ளி, முசியூ பெனுவாவின் படச்சட்டக் கடையின் பின்னறை.

கைபிடி வைத்த ஒரே கதிரையில் மதாம் லபெர்ஜ் இருந்தார். எழுபத்தெட்டு வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை, பிரச்சினைக்குரிய படத்தின் சொந்தக்காரி. கண்ணாடி வெட்டும் நீள மேசைக்கு அந்தப் பக்கம், உயர்ந்த முக்காலியில், கடை முதலாளி முசியூ பெனுவா. மேசையின் ஓரத்தில் மடக்குக் கதிரையில் நான், மடியில் கொப்பியோடு. கதவுக்குப் பக்கத்தில், கண்ணாடித் தகடுகள் வந்த மரப்பெட்டியின் விளிம்பில் நீக்கிலாப்பிள்ளை. அவரை இருக்கச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. நான் கண்ணால் காட்டிய பிறகுதான் இருந்தார். அதுவும் பாதி இருப்பு. எப்போது எழும்பச் சொன்னாலும் எழும்பக்கூடிய இருப்பு.

மேசைக்கு நடுவில் படம், புதுக் கண்ணாடியும் பழைய சட்டமுமாக, மல்லாக்கக் கிடந்தது.

கூட்டம் என்றால் முதலில் இருந்தவர்களை எழுது, பிறகு பேசியதை எழுது என்று சாவகச்சேரியில் பள்ளிக்கூட மன்றத்துக்குச் செயலாளராக இருந்தபோது பழக்கினார்கள். அந்தப் பழக்கம் மொன்றியலுக்கும் கூட வந்துவிட்டது. கிழமை நாட்களில் நான் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கட்டில்களைத் தள்ளுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் குசினி மேசையில் சனத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். வீட்டுக்காரருக்கு, பள்ளிக்கூடத்துக்கு, குடிவரவுக்கு என்று தமிழில் சொன்னால் பிரெஞ்சில் எழுதுவேன்.

நீக்கிலாப்பிள்ளை என்னிடம் வந்தது அதற்கு முதல் ஞாயிறு. நாற்பத்துநாலு வயது. மன்னாரில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் படங்களுக்குக் கண்ணாடி போடும் கடை வைத்திருந்தவர். இங்கே வந்தும் அதே வேலை கிடைத்தது அதிர்ஷ்டம் என்று எல்லோரும் சொல்வார்கள். மனைவி யோசெப்பினும் மகளும் இன்னும் மன்னாரில். அவர்களைக் கூப்பிடும் விண்ணப்பத்துக்கு அலுவலகம் மூன்று தாள்கள் கேட்டிருந்தது. ஓகஸ்ட் இருபதாம் திகதிக்குள் கிடைக்க வேண்டும், தவறினால் கோப்பு மூடப்படும். இரண்டு தாள்கள் கையில் இருந்தன. மூன்றாவது, வேலை கொடுப்பவரின் கடிதம். அதை எழுதித் தருவதாக யூன் மாதமே சொல்லியிருந்த முசியூ பெனுவா, இப்போது கையை மடக்கிக்கொண்டார். மதாமின் பிரச்சினை தீரும்வரை கடிதம் இல்லை. தீராவிட்டால் வேலையும் இல்லை.

பிரச்சினை இதுதான். யூலை முதலாம் திகதி, மொன்றியலில் பாதிச் சனம் வீடு மாறும் நாளில், மதாமும் வீடு மாறினார். ஏற்றி இறக்கியதில் படம் அதுவரை இருந்த சட்டம் உடைந்துபோனது. இறந்துபோன கணவர் தன் கையால் செய்த வேறொரு சட்டம் அவரிடம் இருந்தது. படத்தை அதற்குள் போட்டுத் தரும்படி இரண்டையும் கடையில் கொடுத்துவிட்டுப் போனார். முசியூ பெனுவா அடுத்த நாளே விடுமுறைக்குப் போய்விட்டார். கடையில் தனியே இருந்த நீக்கிலாப்பிள்ளை அளந்து பார்த்தார். படம் சட்டத்தைவிட உயரத்தில் இரண்டு விரல் கூட. அடியில் இருந்த இரண்டு விரலை வெட்டினார். ஓகஸ்ட் முதற் கிழமை படத்தை எடுக்க வந்த மதாம், அடி வெட்டுப்பட்டிருப்பதைக் கண்டார்.

“வெட்டினீரோ?” என்று கேட்டேன்.

“ஓம் அக்கா.”

“ஏன் தம்பி?”

“அடியிலை எழுத்துத்தானே கிடந்தது. கலண்டர்ப் படம் எண்டால் அடியிலை கடைக்காரன்ரை பேரும் ரெலிபோன் நம்பரும் கிடக்கும். மாதாவுக்குக் கண்ணாடி போடேக்கை ஆராவது சீமெந்துக் கடை விளம்பரத்தோடை சேத்துப் போடுவினமோ? இருபது வருசம் வெட்டின கை. வெட்டிப்போட்டுது.”

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அவர் சிரிக்கவில்லை. என் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். மதாமுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதித் தரவேண்டும், நானும் கூட வரவேண்டும் என்றார். மதாம் யார் என்று கேட்டேன். பெரிய இடம் என்றார். படத்தில் ஒரு மாளிகை இருக்கிறது, முன்னால் குதிரையில் ஒருவர் இருக்கிறார், மதாம் அந்தக் குதிரைக்காரரின் பரம்பரை என்று முதலாளி சொன்னாராம்.

ஆகவே நான் கடிதத்தை அந்தத் தரத்துக்கு ஏற்றபடி எழுதினேன். மூன்று பிரதி எழுதிக் கிழித்து, நான்காவதைச் சுத்தமாக எடுத்தேன். திகதி, இடம், விளிப்பு, நடந்தது, வருத்தம், வேண்டுகோள், ஒப்பம், ஒன்றும் குறையவில்லை.

சனிக்கிழமை பஸ்ஸில் வரும்போது நீக்கிலாப்பிள்ளை கழுத்துப் பட்டி கட்டியிருந்தார்.

“கோட்டுக்குப் போற மாதிரிக் கிடக்கு அக்கா,” என்றார்.

“கோட்டுக்கெண்டால் லோயர் வருவார். இதுக்கு நான்தான் வாறன்.”

“அதுதான் பயம்,” என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

பின்னறையில் எல்லோரும் இருந்த பிறகு முதலில் பேசியவர் முசியூ பெனுவா. சேதம் எவ்வளவு பெரியது என்று எனக்கு விளங்கப்படுத்த வேண்டும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். மேசை விளக்கைப் படத்துக்கு மேல் இழுத்தார். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்து, பிறகு கையால் நிறம் தீட்டிய படம், 1836ஆம் ஆண்டுக்குரியது என்றார். ரிஷெலியூ ஆற்றங்கரையில், அந்தக் காலத்து நிலப்பிரபு ஒருவரின் மாளிகை. சுற்றியுள்ள ஏழு கிராமங்களின் காணியும் அவருடையது. கோதுமை அரைக்கும் ஆலையும் அவருடையது. மற்றவர்கள் அவருடைய நிலத்தில் விதைத்து, அவருடைய ஆலையில்தான் அரைக்க வேண்டும்.

நான் குனிந்து பார்த்தேன். ஜன்னல்களை எண்ணினேன், இருபத்திரண்டு. நடுவில் வீடு. வீட்டுக்கு முன்னால், வெள்ளைக் குதிரையில், கையை நீட்டியபடி பிரபு. பக்கத்தில் குடை பிடித்த சீமாட்டி, காலடியில் நாய். கொஞ்சம் கீழே பாதிரியாரும் உறுதி எழுதும் நொத்தாரிசும். இன்னும் கீழே, தொப்பியைக் கழற்றிப் பிடித்த தோட்டக்காரன். இப்படிப்பட்ட படங்களை வீட்டுக்காரரே சொல்லிச் செய்விப்பார்கள், யார் எந்த இடத்தில் நிற்பது, எந்த அளவில் நிற்பது என்பதும் அவருடைய விருப்பம்தான் என்றார் முசியூ பெனுவா. அளவு நன்றாகத்தான் கணக்கிடப்பட்டிருந்தது. குதிரை தோட்டக்காரனைவிட இரண்டு மடங்கு. நாயின் கழுத்துப் பட்டிக்குக்கூட மஞ்சள் பூசியிருந்தார்கள்.

வலது மூலையில், ஆற்றோரத்தில், வெள்ளை விரிப்புகளைப் புல்லில் காயப்போடும் மூன்று பெண்கள். ஒவ்வொருவரும் ஓர் அரிசி அளவு. முகத்தில் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. இவர்கள் எதற்கு என்று கேட்டேன்.

வீடு எவ்வளவு பெரியது என்று பார்ப்பவருக்குத் தெரிவதற்கு, என்றார். பக்கத்தில் சிறிய ஆட்களை வைத்தால்தானே வீடு பெரிதாகத் தெரியும்.

மதாம் லபெர்ஜ் இதைக் கேட்டுக்கொண்டு இருந்தார். கைப்பையின் பிடியை இறுக்கிப் பிடித்தார்.

வெட்டுப்பட்ட துண்டில் என்ன இருந்தது என்பதையும் முசியூ பெனுவா வரிசையாகச் சொன்னார்: மாளிகையின் பெயர், பிரபுவின் குடும்பச் சின்னம், ‘மிகப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்’ என்று செதுக்கியவர் எழுதிய வரி, அச்சிட்டவரின் பெயர். அது இல்லாமல் படம் பாதி ஊமை. குப்பை வண்டி அதற்குப் பிறகு எத்தனையோ தரம் வந்து போய்விட்டது. இதைச் சொல்லும்போது கதவுப் பக்கம் பார்க்காமல் பார்த்தார்.

இனி என் முறை. கடிதத்தை வாசிக்க அனுமதி கேட்டு, எழும்பி நின்று வாசித்தேன். முதல் பந்தியில் நடந்ததைச் சொல்லியிருந்தேன். இரண்டாவது பந்தி, என் எண்ணத்தில் கடிதத்தின் சிறந்த பகுதி. ‘உங்கள் மேன்மை தங்கிய முன்னோர்களின் மாளிகைக்கும், அவர்களின் பெயர் பொறித்த எழுத்துகளுக்கும் என் அறியாமையால் நான் செய்த பிழையை…’

மதாம் கையை உயர்த்தினார். நான் நிறுத்தினேன்.

“யாருடைய முன்னோர்?”

உங்களுடைய, என்றேன்.

அவர் முசியூ பெனுவாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பிறகு மூக்கால் ஒரு சத்தம் வந்தது. அது அழுகையின் தொடக்கமா சிரிப்பின் தொடக்கமா என்று முதலில் தெரியவில்லை.

“அது என் முன்னோரின் மாளிகை இல்லை, மதாம். என் முன்னோர் அங்கே துணி துவைத்தவர்கள்.”

கதிரையிலிருந்து எழும்பி மேசைக்கு வந்தார். வலது மூலையில், கண்ணாடிக்கு மேல், நகத்தை வைத்தார். மூன்று அரிசிகளில் இடது பக்கத்து அரிசி.

“இவள் மார்கெரீத். என் அம்மாவின் பாட்டியுடைய தாய்.”

அவர் சொன்னதைச் சுருக்கி எழுதுகிறேன். பிரபுவின் குடும்பம் பிறகு நொடித்துப்போய், வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, யாரும் விரும்பாத படங்களோடு இதுவும் கிடந்தது. மார்கெரீத்தின் மகள் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்த மகள்தான் அந்தக் குடும்பத்தில் கன்னியாஸ்திரிகளிடம் எழுத்துப் படித்த முதல் ஆள். அவள் படத்தின் அடியில், அச்செழுத்துக்கும் கீழே, அந்த மூன்று பெண்களுக்கு நேரே, பென்சிலால் மூன்று பெயர்கள் எழுதினாள்: மார்கெரீத், ஆஞ்செல், விதவை துப்பே. அவ்வளவுதான். மார்கெரீத்துக்கு வேறு படம் இல்லை, கல்லறைக் கல்லும் இல்லை. கோயிற் பதிவில் ஞானஸ்நானம் ஒரு வரி, கல்யாணம் ஒரு வரி, சாவு ஒரு வரி.

“குடும்பச் சின்னம் எனக்குத் தேவையில்லை,” என்றார் மதாம். “அந்தப் பென்சில் எழுத்து இருந்தால் அது மார்கெரீத். இல்லாவிட்டால் அது ஒரு வெள்ளைப் புள்ளி, வீடு பெரிது என்று காட்டுவதற்கு.”

முசியூ பெனுவா முக்காலியில் அசைந்தார். மதாமின் கதையை அவரும் இப்போதுதான் கேட்கிறார் என்பது தெரிந்தது. பழைய மாளிகைப் படத்தோடு ஒரு வயதான பெண் வந்தால் அவள் மாளிகைக்காரி என்று அவர் எடுத்துக்கொண்டார். அவர் சொன்னதை நீக்கிலாப்பிள்ளை எடுத்துக்கொண்டார். நீக்கிலாப்பிள்ளை சொன்னதை நான் எடுத்துக்கொண்டு நாலு பிரதி எழுதினேன்.

நான் இதையெல்லாம் தமிழில் நீக்கிலாப்பிள்ளைக்குச் சொன்னேன். பென்சில் எழுத்து என்றதும் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நான் அதைக் கண்டனான் அக்கா,” என்றார். “ஆரோ கையாலை எழுதிக்கிடந்தது.” பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

என் கடிதம் இனி உதவாது. புதிதாக எழுத வேண்டும். புதிதாக எழுதுவதென்றால் எனக்கு ஒரே வழிதான் தெரியும். தொடக்கத்திலிருந்து, ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றையும் விடாமல் கேட்பது. மதாமிடமும் முதலாளியிடமும் பத்து நிமிடம் கேட்டேன். மதாம் மறுபடி போய் இருந்தார். முசியூ பெனுவா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

“தம்பி, படம் கடைக்கு வந்ததிலையிருந்து சொல்லும். கை செய்ததெல்லாத்தையும் சொல்லும். நான் எழுதிறன்.”

அவர் ஒரு வரி சொல்ல, நான் அதைப் பிரெஞ்சில் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினேன்.

முதலாவது, படமும் சட்டமும் மேசையில் கிடந்தன. மேலே முதலாளி எழுதிய வேலைத் துண்டு குத்தியிருந்தது. துண்டில் என்ன என்று கேட்டேன். வேலைத் துண்டுகளை எறியாமல் ஒரு கம்பியில் குத்தி வைப்பது அந்தக் கடை வழக்கம். நீக்கிலாப்பிள்ளை எழும்பிப்போய் யூலை மாதக் கட்டிலிருந்து அதை எடுத்துவந்து, என்னிடம் தராமல், மேசையில் முதலாளிக்கு முன்னால் வைத்தார். ‘இந்தச் சட்டத்துக்குள் அடங்கும்படி போடவும்’ என்று முசியூ பெனுவாவின் கையெழுத்தில் இருந்தது. அளவு எதுவும் எழுதப்படவில்லை.

முசியூ பெனுவாவின் காது இரண்டும் சிவந்தன.

“நான் அளந்திருக்க வேண்டும்,” என்றார்.

“நானும்தான்,” என்றார் மதாம். “என் கணவரின் சட்டம் எதற்கும் போதும் என்று நினைத்தேன்.”

இரண்டையும் எழுதிக்கொண்டேன். இரண்டாவது, நீக்கிலாப்பிள்ளை அளந்தார். அகலம் சரி, உயரம் கூட. மூன்றாவது, கத்திக்குப் புது அலகு போட்டார். நான்காவது, இரும்பு அடிமட்டத்தை வைத்து ஒரே இழுவையில் வெட்டினார். மதாம் கண்ணை மூடிக்கொண்டார். ஐந்தாவது, கண்ணாடியைத் துடைத்துப் படத்தை வைத்தார்.

“பேந்து?”

“பேந்து பின் அட்டையை வைச்சன். துண்டை அதுக்குப் பின்னாலை வைச்சன். மேலை மண்ணிறக் கடதாசி ஒட்டினன். பேந்து கொழுக்கி அடிச்சன்.”

என் பேனை நின்றது. பிரெஞ்சிலும் நான் நின்றேன்.

“எந்தத் துண்டை?”

“வெட்டின துண்டை.”

“எங்கை வைச்சனீர்?”

“உள்ளுக்கை. பின் அட்டைக்கும் கடதாசிக்கும் நடுவிலை. சுருங்காமல் ரெண்டு பக்கமும் வெள்ளைத்தாள் வைச்சுத்தான் வைச்சனான்.”

“அதை ஏனப்பா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?”

“ஆர் கேட்டது?” என்றார், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு. “வெட்டினனியோ எண்டு முதலாளி கேட்டவர். ஓம் எண்டன். வெட்டினதுதான் பிழை எண்டு நினைச்சன். துண்டு எங்கை எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையே. வேறை எங்கை அக்கா வைக்கிறது? படத்தின்ரை எழுத்துப் படத்தோடைதானே கிடக்கவேணும்.”

உடனே எனக்கு ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டு லட்சுமி படத்தை ஒருமுறை கழற்றித் துடைத்தபோது, பின்னால் ஒரு நீளத் துண்டு விழுந்தது. கடைப் பெயர், ஆண்டு, பன்னிரண்டு மாதமும் கிழிந்த அடிக்கட்டை. எந்த ஆண்டுப் படம், யார் கொடுத்த படம் என்று பிறகு தெரியட்டும் என்று கண்ணாடிக் கடைக்காரர்கள் உள்ளே வைத்துவிடுவார்கள். எனக்கும் தெரிந்த வழக்கம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை என் குசினியில், ஏன் வெட்டினீர் என்று கேட்ட நானும் துண்டு எங்கே என்று கேட்கவில்லை. வெட்டினது என்றால் எறிந்தது என்று மற்றவர்களைப் போலவே நானும் எடுத்துக்கொண்டேன்.

முசியூ பெனுவா என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். அவசரத்தில் வினைச்சொல்லைப் பிழையாகச் சொல்லி, இரண்டாம் தரம் சரியாகச் சொன்னேன்.

முசியூ பெனுவா முக்காலியிலிருந்து இறங்கி, படத்தைக் குப்புறத் திருப்பிப்போட்டு, கத்தியை எடுத்தார்.

“அவர் மூடியது,” என்றார் மதாம். “அவரே திறக்கட்டும்.”

ஒரு கணம் கத்தி முதலாளியின் கையிலேயே இருந்தது. பிறகு அதைத் திருப்பி, பிடியை முன்னால் நீட்டினார். நீக்கிலாப்பிள்ளை கழுத்துப் பட்டியைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு மேசைக்கு வந்தார். மண்ணிறக் கடதாசியை மூன்று பக்கம் கீறி, கதவு திறப்பதுபோல மடித்தார். வெள்ளைத்தாளை எடுத்தார். அதற்குள் இருந்தது.

நான்கு பேரின் தலையும் ஒரே விளக்குக்குக் கீழே முட்டிக்கொண்டன. அந்த நேரத்தில் யார் எங்கே இருந்தார்கள் என்று கேட்டால், ஒருவரும் இருக்கவில்லை, எல்லோரும் நின்றோம் என்றுதான் எழுத வேண்டும். சின்னம், மாளிகையின் பெயர், மிகப் பணிவுடன் சமர்ப்பிக்கும் வரி எல்லாம் நடுவில் பெரிதாக இருந்தன. வலது ஓரத்தில், மங்கிய சாம்பல் நிறத்தில், பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் உருண்டை எழுத்தில் மூன்று பெயர்கள்.

மதாம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அழவில்லை; நீளமாக ஒரு மூச்சு விட்டார். ஒரு கிழமையாக அந்த மூச்சைப் பிடித்து வைத்திருந்தவர்போல இருந்தது. பிறகு அவர் நீக்கிலாப்பிள்ளையின் கையைப் பிடித்து இரண்டு தரம் குலுக்கினார். நீக்கிலாப்பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. “மெர்சி,” என்றார். நன்றி சொல்ல வேண்டியது யார் என்பதில் கொஞ்சம் குழப்பம்.

முசியூ பெனுவா துண்டைப் படத்தின் அடியோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். வெட்டு நேராகப் போயிருந்தது. ஒரு நார்கூடக் கிளம்பவில்லை. பழைய கடதாசிகளைத் திருத்தும் ஒருவரைத் தனக்குத் தெரியும், பின்பக்கத்தில் மெல்லிய தாள் ஒட்டி இரண்டையும் சேர்த்துவிடுவார், தானே கொண்டுபோகிறேன் என்றார். கோடு தெரியுமா என்று மதாம் கேட்டார். கிட்டப்போய்ப் பார்த்தால் தெரியும் என்றார். தெரியட்டும் என்றார் மதாம்.

“அப்ப சட்டம்?” என்று நீக்கிலாப்பிள்ளை என்னிடம் கேட்டார். “மறுபடியும் ரெண்டு விரல் கூடுமே.”

மதாமிடம் கேட்டேன். அவருக்குக் கணவரின் சட்டத்தை விட மனமில்லை.

“அப்ப சட்டத்தைக் கூட்டுவம். ரெண்டு பக்கக் கட்டைக்கும் ரெண்டு விரல் ஒட்டுப் போடலாம். இது மேப்பிள் மரம். உள்ளுக்கை இதே நிறத்திலை துண்டு கிடக்கு. ஒட்டு இருக்கிற இடம் எனக்கும் அந்த மனிசிக்கும்தான் தெரியும்.”

முசியூ பெனுவாவுக்கு மொழிபெயர்த்தேன். அவர் சட்டத்தைத் தூக்கி மூலையைப் பார்த்தார். “ஓம், முடியும்,” என்றார். அதற்கு மேல் பாராட்டுவது அவருடைய வழக்கம் இல்லை என்று பிறகு நீக்கிலாப்பிள்ளை சொன்னார்.

மணி பதினொன்றரை. நான் கொப்பியின் அடுத்த பக்கத்தைத் திருப்பி, இன்னுமொரு கடிதம் இருக்கிறது என்றேன். எந்தக் கடிதம் என்று மதாம் கேட்டார். யோசெப்பின், மகள், மூன்று தாள்கள், இருபதாம் திகதி எல்லாவற்றையும் சொன்னேன். முசியூ பெனுவா தலையைக் குனிந்துகொண்டு கடைப் பெயர் அச்சடித்த தாள் ஒன்றை இழுத்தார்.

வாசகத்தை நான் சொல்ல அவர் எழுதினார். முதல் வரியில், எங்கள் கடையில் வேலை செய்யும் நிக், என்று எழுதினார். கடையில் ஐந்து வருடமாக அவர் நிக்தான்.

மதாம் எட்டிப் பார்த்தார். நாற்பது வருடம் பிள்ளைகளின் கொப்பிகளை எட்டிப் பார்த்தவர்.

“எந்த நிக்?” என்றார். “இந்த ஊரில் ஆயிரம் நிக் இருப்பார்கள். குடிவரவில் இருக்கிற ஆள் இந்த நிக்கை எப்படிக் கண்டுபிடிப்பது?”

முசியூ பெனுவா அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று எடுத்தார். நீக்கிலாப்பிள்ளை பணப்பையிலிருந்து தன் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். முதலாளி அதை விளக்குக்குக் கீழே பிடித்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து எழுதினார். சந்தியோகு நீக்கிலாப்பிள்ளை. பெயர் அரை வரியை எடுத்துக்கொண்டது. 1999 மே மாதம் முதல் முழுநேர வேலை, பொறுப்பானவர், இந்த வேலை தொடர்ந்து அவருக்கு உண்டு. கடைசி வாக்கியத்தை நான் சொல்லவில்லை, அவரே சேர்த்தார். ஒப்பமிட்டு, ஊதிக் காயவைத்து, என்னிடம் தந்தார்.

மதாம் என்னுடைய பழைய மன்னிப்புக் கடிதத்தைக் கேட்டார். எதற்கு என்றேன். வைத்துக்கொள்ள, என்றார், தன்னை யாரும் மேன்மை தங்கிய என்று எழுதியது இதுதான் முதல் தடவையாம். பிழையான கடிதத்தை அப்படியே கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ‘முன்னோர்களின் மாளிகைக்கும்’ என்ற இடத்தை ஒரு கோடால் வெட்டி, மேலே ‘மார்கெரீத்தின் பெயருக்கும்’ என்று எழுதி, பக்கத்தில் என் முதலெழுத்தை வைத்தேன். திருத்தத்துக்கு முறை அதுதான். மேன்மை தங்கிய என்பதைத் தொடவில்லை.

நாங்கள் புறப்பட்டபோது மதாம் இன்னும் மேசையில் குனிந்தபடி நின்றார். முசியூ பெனுவா கைபிடிக் கதிரையை அவருக்குப் பக்கத்தில் இழுத்துவிட்டார், அவர் கவனிக்கவில்லை.

தபால் கருமபீடம் பெரிய வீதியில் மருந்துக்கடைக்குள் இருக்கிறது. நடந்தே போனோம். நீக்கிலாப்பிள்ளை கழுத்துப் பட்டியைக் கழற்றிச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்தார். வழியில் டெப்பனர் என்கிற மூலைக்கடை ஒன்றில் நின்று எனக்கு ஒரு சோடா வாங்கித் தந்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

“யோசெப்பினுக்கு இண்டைக்கு ரெலிபோன் எடுப்பன்,” என்றார். “என்னெண்டு சொல்லுறது அக்கா? வெட்டினதையும் சொல்லவேணுமோ?”

“கடிதம் போட்டாச்சு எண்டு மட்டும் சொல்லும். வெட்டினதை வந்தாப்பிறகு சொல்லலாம்.”

“வந்தாப்பிறகு அவளை மதாமிட்டைக் கூட்டிக்கொண்டு போய்ப் படத்தைக் காட்டலாம்,” என்றார். “ஒட்டுத் தெரியுதோ எண்டு கேக்கலாம். அவளுக்குக் கண் கூர்மை.”

மருந்துக்கடையில் மருந்துகளைத் தாண்டி, பிறந்தநாள் அட்டைகளைத் தாண்டிப் பின்பக்கம் போனோம். எனக்கு முன்னால் இரண்டு பேர். நின்ற நிலையில் தாள்களை எண்ணினேன்: ஒன்று, இரண்டு, மூன்று. கோப்பு இலக்கம் ஒவ்வொன்றின் மேல் மூலையிலும் இருந்தது. மூன்றையும் ஒரே அளவில் மடித்து உறைக்குள் போட்டேன். முகவரியை நான் எழுதினேன். அனுப்புபவர் என்ற இடத்தை அவரிடம் கொடுத்தேன். தன் முழுப் பெயரையும், இடம் போதாமல், இரண்டு வரியில் எழுதினார்.

உறையின் வாயை நான் ஒட்டவில்லை. அதையும் அவர்தான் செய்தார். நாக்கால் நனைத்து, கருமபீடத்தின் விளிம்பில் வைத்து, கட்டைவிரலால் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு இரண்டு தரம் அழுத்தித் தேய்த்தார், மண்ணிறக் கடதாசி ஒட்டுகிற அதே கையால். கருமபீடத்தில் இருந்த பெண் ‘பொன்ழூர்’ என்று சொல்லி வாங்கி, பதிவுத் தாளை ஒட்டி, முத்திரை குத்தி, பின்னால் இருந்த சாம்பல் நிறப் பைக்குள் போட்டாள். பற்றுச்சீட்டில் நேரம் அச்சடித்திருந்தது: பன்னிரண்டு மணி நாற்பது. அதை மடித்து அவரிடம் கொடுத்தேன்.